பாண்டி பஜாரில் வெடித்த தோட்டா... தேயிலைத் தோட்டத்தில் தொடங்கிய கதை!

பாண்டி பஜார் போயிருக்கீங்களா? இது ஒரு கேள்வியான்னு முறைக்காதீங்க பாஸ். தீபாவளிக்கு ஒரு தடவை, கல்ச்சுரல்ஸுக்கு டிரெஸ் எடுக்க ஒரு தடவை, காரணமே இல்லாம பத்து தடவை போயிருப்பீங்க. 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இடமெல்லாம் போட்டு, செல்ஃபி எடுக்கத் தோதா மாத்திட்டாங்க.

அதே பாண்டி பஜாரில் 1982-ஆம் வருஷம் மே 19-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சினிமா ஷூட்டிங் இல்லை, நிஜம்! சுட்டுக்கொண்ட இரண்டு தரப்புமே இலங்கைத் தமிழ் இளைஞர்கள். ஒரு பக்கம் பிரபாகரன், இன்னொரு பக்கம் உமா மகேஸ்வரன். சில வருஷங்கள் முன்புவரை இரண்டு பேரும் ஒரே இயக்கம். பிரபாகரன் அங்கேயே பிடிபட்டார். உமா மகேஸ்வரன் சில நாள் கழித்துச் சிக்கினார். ஆகஸ்ட்டில் இருவருக்கும் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. அடுத்த வருஷமே இலங்கையில் முழு அளவிலான உள்நாட்டுப் போர் வெடித்தது. அது ஓய 2009 மே மாதம் ஆனது. 26 வருஷம்!

அன்றைக்குப் பிரபாகரனுக்கு வயசு 27. நம்ம காலேஜில் எம்.இ. முடிச்சுட்டு பி.எச்டி. பண்ற அண்ணன்கள் வயசு. உமா மகேஸ்வரன் படிச்சு, நில அளவையாளரா அரசு வேலை பார்த்தவர். இப்படிப்பட்டவங்க கையில் எப்படித் துப்பாக்கி வந்துச்சு? 'சிங்களர்களுக்கும் தமிழர்களுக்கும் சண்டை, அவ்வளவுதான்'னு ஒரு வரியில் முடிச்சா, அது ரெண்டு மார்க் கேள்விக்கான பதில். இது 16 மார்க் கேள்வி. பதில் தொடங்குறது யாழ்ப்பாணத்தில்கூட இல்லை... கண்டி மலையில் இருந்த காபித் தோட்டங்களில்!

காபி, டீ, கங்காணி

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் 1861-ல் ஏன் மோதினன்னு கேட்டா, 'அடிமை முறை'ன்னு டக்குனு சொல்லிடுவோம். இலங்கையில் அடிமைகள் இருந்தாங்களான்னு கேட்டா முழிப்போம். இருந்தாங்க!

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்க 1833-ல் சட்டம் வந்தது. ஆனா, அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு பெற்ற இடங்களில் இலங்கையும் ஒண்ணு. அங்கே சட்டப்படி அடிமை முறை முழுசா ஒழிஞ்சது 1844-ல்தான். காபித் தோட்டங்கள் மளமளன்னு பெருகினதும் சரியா அதே காலகட்டம். தோட்டம் ரெடி, வேலைக்கு ஆள்? 'அடிமை'ங்கிற பெயர் இல்லாம, கிட்டத்தட்ட அந்த விலைக்கே ஆள் வேணும். கண் போன திசை, நம்ம ஊர்!

திருச்சி, தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைன்னு பஞ்சத்தில் காய்ஞ்ச கிராமங்களில் கங்காணிகள் வந்து நின்னாங்க. கையில் முன்பணம், வாயில் ஆசை வார்த்தை. அந்த முன்பணம்தான் கண்ணி. வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாமே கடன் கணக்கு. கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியா நடந்தே மலைக்குப் போகணும். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவங்க ஏராளம். 1876-78 பெரும் பஞ்சத்தில் இன்னும் கூட்டம் கூட்டமா கிளம்பினாங்க.

1869-ல் காபிச் செடியில் இலை நோய் பரவி, கொஞ்ச காலத்தில் தோட்டங்கள் அழிஞ்சுபோச்சு. அந்த இடத்துக்கு வந்ததுதான் டீ. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867-லேயே லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை போட்டிருந்தார். இங்கே ஒரு முக்கியமான மாற்றம். காபிக்கு சீஸனில் மட்டும் ஆள் போதும், அறுவடை முடிஞ்சா ஊர் திரும்பலாம். டீக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து கிள்ளணும். அதனால போனவங்க திரும்பல. பத்துக்குப் பன்னிரண்டு அடி 'லயம்' அறைகளில் குடும்பம் நடத்தி, பிள்ளை பெத்து, அங்கேயே மண்ணானாங்க.

வேற தோட்டத்துக்குப் போகலாமான்னா, அதுக்கும் பூட்டு. 'துண்டு' என்று ஒரு சீட்டு உண்டு. 'இந்த ஆள் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டிட்டு கூட்டிக்கிட்டுப் போ'ன்னு ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டு. யோசிச்சுப் பாருங்க, ஆளோட விலையைக் கடனா எழுதினா அது வேலை ஒப்பந்தமா, விற்பனை ரசீதா? துண்டு முறை ஒழிஞ்சது 1921-ல்! அதுக்கு அப்புறமும் தோட்டத்துக்குள் வெளியாட்கள் நுழைய முடியாது. தஞ்சாவூர்க்காரரான கோ.நடேசய்யர் துணி வியாபாரி வேஷம் போட்டு உள்ளே போய்தான் தொழிலாளர் நிலைமையைப் பார்த்தார். பிறகு பத்திரிகை, தொழிற்சங்கம்னு அவரும் மனைவி மீனாட்சியம்மையும் மலையகத்தில் செய்த வேலை தனிக் கட்டுரைக்கான மேட்டர். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' கதை பேசுவதும் இந்தத் தேயிலைத் தோட்ட வாழ்க்கையைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த மலை யாருடையது? கண்டிச் சிங்கள விவசாயிகள் தலைமுறையா பயன்படுத்தின காடும் மேய்ச்சல் நிலமும்தான் அது. 1840-ல் பிரிட்டிஷ்காரர்கள், பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம்னு சட்டம் போட்டு, தோட்ட முதலாளிகளுக்கு வித்தாங்க. நிலம் போன சிங்கள விவசாயி அண்ணாந்து பார்த்தா மேலே தெரிஞ்சது துரை இல்லை, கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்! கோபம் எந்தப் பக்கம் திரும்பும்னு தனியா சொல்லணுமா?

யாழ்ப்பாணத்துக் கணக்கு வேற!

வடக்கில் கதையே வேற. யாழ்ப்பாணத் தமிழர்கள் கூலிக்குப் போனவங்க இல்லை, நூற்றாண்டுகளா அந்த மண்ணின் மக்கள். வறண்ட பூமிங்கிறதால படிப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க. அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினாங்க. 1857-ல் நம்ம சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சப்ப, அதன் முதல் பட்டதாரிகளா வந்த இரண்டு பேருமே அங்கே படிச்ச யாழ்ப்பாணத்துக்காரங்க: கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை.தாமோதரம்பிள்ளை. மெரினா போகும்போது செனட் ஹவுஸைப் பார்த்தா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்தப் பெருமைக்கு உள்ளேயும் ஒரு இருட்டு உண்டு. டச்சுக்காரர்கள் 1707-ல் தொகுத்த யாழ்ப்பாணத்தின் 'தேசவழமை' சட்டத்தில் அடிமைகள் பற்றி தனி விதிகளே இருக்கு. சில சாதிகளை அடிமைச் சாதிகளாகவே நடத்தினாங்க. 1844-க்கு அப்புறம் சட்டம் மாறுச்சு, மனசு மாறல. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் 1968-ல்கூட போராட வேண்டியிருந்தது. 1931-ல் எல்லாருக்கும் ஓட்டுரிமை வர்றதுக்கு முன்னாடி, அந்த யோசனையை எதிர்த்த தலைவர்களில் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர் பொன்னம்பலம் ராமநாதனும் ஒருவர்.

ஆக, தமிழர்கள்னு ஒரே பெயர். உள்ளே வடக்கு, கிழக்கு, மலையகம்னு தனித்தனி உலகம். சிங்களர்களிலும் கண்டிச் சிங்களர், கரையோரச் சிங்களர்னு பிரிவு. சமஷ்டி ஆட்சி வேணும்னு முதலில் பேசினது யார் தெரியுமா? 1926-ல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி.பண்டாரநாயக! அடுத்த வருஷம் டொனமூர் கமிஷன் முன்னாடி சமஷ்டி கேட்டது கண்டிச் சிங்களர்கள். 'மாநில சுயாட்சி'ங்கிறது தமிழர் மட்டுமே கிளப்பிய விவகாரம்னு நினைச்சுக்கிட்டிருந்தா, இந்த இடத்தில் ஒரு ஷாக்!

எட்டு லட்சம் பேர் காணாமல்போன கதை

1948 பிப்ரவரி 4, இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வருது. 'உங்க அப்பா இங்கே பிறந்தாரா? இல்லை, தாத்தாவும் அவர் அப்பாவும் பிறந்தாங்களா? ஆதாரம் காட்டு' என்றது சட்டம். லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பர்த் சர்ட்டிஃபிகேட் யார் கொடுத்தா? 1946 கணக்கெடுப்புப்படி 'இந்தியத் தமிழர்கள்' சுமார் 7.8 லட்சம் பேர். இலங்கைத் தமிழர்களின் எண்ணிக்கையைவிட அதிகம்! அவங்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனாங்க. 1949-ல் ஓட்டுரிமையும் போச்சு.

ஏன் இந்த அவசரம்? 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கட்சியிலிருந்து எம்.பி.க்களை அனுப்பினாங்க. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் ஜெயிக்கவும் அவங்க ஓட்டு உதவுச்சு. இது ஆளுங்கட்சிக்குப் பிடிக்கல. 1952 தேர்தலில் அவங்க சார்பில் நாடாளுமன்றத்தில் ஒருத்தரும் இல்லை.

இன்ஜினீயரிங் மூளையோட இதை ஒரு நிமிஷம் பாருங்க. தொகுதிகளைப் பிரிக்கும்போது மொத்த ஜனத்தொகையைக் கணக்கில் எடுத்தாங்க. அதில் ஓட்டில்லாத மலையகத் தமிழர்களும் அடக்கம். ஆனா, அந்தத் தொகுதியில் ஓட்டு போட்டது மத்தவங்க. தலை எண்ண நாங்க, கை தூக்க நீங்க! விளைவு, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையினரின் பலம் அவங்க ஜனத்தொகை விகிதத்தைத் தாண்டிப்போச்சு. பின்னாடி வந்த ஒவ்வொரு சட்டமும் சுலபமா பாஸ் ஆக இந்த ஃபார்முலாவும் ஒரு காரணம்.

வடக்குத் தலைவர்கள் என்ன செஞ்சாங்க? 1948 சட்டத்தை எதிர்த்த ஜி.ஜி.பொன்னம்பலம், கொஞ்ச நாளில் அதே அரசாங்கத்தில் அமைச்சர் ஆனார். அவரோட கட்சியிலிருந்து பிரிஞ்ச எஸ்.ஜே.வி.செல்வநாயகம், 'இன்னைக்கு அவங்களுக்கு, நாளைக்கு நமக்கு' என்ற ரீதியில் எச்சரிச்சார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது இப்படித்தான். அவர் கேட்டது சமஷ்டி. தனி நாடு இல்லை!

கையெழுத்து... கிழிசல்... கையெழுத்து!

1956-ல் 'சிங்களம் மட்டும்' சட்டம். கொண்டுவந்தது, முப்பது வருஷம் முன்னாடி சமஷ்டி பேசின அதே பண்டாரநாயக. இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர்.டி சில்வா, 'ஒரு மொழின்னா ரெண்டு நாடு ஆகும், ரெண்டு மொழின்னா ஒரு நாடா இருக்கும்' என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் எச்சரிச்சார். யாரும் கேட்கல.

1957 ஜூலையில் பண்டாரநாயக - செல்வநாயகம் ஒப்பந்தம். தமிழுக்கு இடம், பிராந்திய சபைகள்னு நல்ல ஏற்பாடு. எதிர்க்கட்சியும் பிக்குகளும் கொதிக்க, 1958 ஏப்ரலில் பிரதமரே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாசமே பெரும் இனக் கலவரம். 1959-ல் பண்டாரநாயகவைச் சுட்டுக் கொன்றது ஒரு பிக்கு. 1965-ல் டட்லி சேனநாயக - செல்வநாயகம் ஒப்பந்தம். அதுவும் நடைமுறைக்கு வரல.

நடுவில் 1964-ல் இன்னொரு ஒப்பந்தம், சிறிமா - சாஸ்திரி. இது மட்டும் நடைமுறைக்கு வந்தது! நாடற்ற 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி 1.5 லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியா பங்கு பிரிச்சாங்க. கேன்டீனில் பரோட்டா பங்கு போடுற மாதிரி மனுஷங்களை! அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கல. தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினவங்க பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினாங்க. அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'!

கட்-ஆஃப் 250

இந்தப் பகுதி உங்களுக்கு நல்லாவே புரியும். அரை மார்க்கில் கிண்டி காலேஜ் ஸீட் போன ஃப்ரெண்ட் எல்லாருக்கும் ஒருத்தர் இருப்பார். 1971-ல் இலங்கையில் இன்ஜினீயரிங் சேர, 400-க்குத் தமிழ் மீடியம் மாணவருக்குத் தேவைப்பட்ட மார்க் 250. சிங்கள மீடியம் மாணவருக்கு 227. மெடிக்கலுக்கு 250, 229. 'தரப்படுத்தல்'னு பேர். பிறகு மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது.

இதிலும் ரெண்டு பக்கம் பார்க்கணும். நல்ல பள்ளிக்கூடமே இல்லாத பின்தங்கிய மாவட்டங்களுக்கு இடம் தரணும்ங்கிற வாதத்தில் நியாயம் உண்டு. நம்ம ஊர் இட ஒதுக்கீட்டை ஆதரிக்கிறவங்களுக்கு அது புரியும். ஆனா, தேர்வு எழுதின மொழியை வெச்சே மார்க்கைப் பிரிச்சது வேற விஷயம். யாழ்ப்பாணத்துப் பையனுக்குப் படிப்பு ஒண்ணுதான் வாசல். ஏற்கெனவே மொழிச் சட்டத்தால் அரசு வேலை சுருங்கிப்போச்சு. இப்போ படிப்பும்! பெரியவங்க 20 வருஷமா பேசிப் பேசி என்ன கிடைச்சதுன்னு அந்த மாணவர்கள் கேட்டாங்க. பதில் சொல்ல யாராலும் முடியல. இயக்கங்கள் முளைச்ச காலம் இதுதான்.

தெற்கிலும் இதே சமயம் இன்னொரு தீ. வேலை கிடைக்காத சிங்கள கிராமத்து இளைஞர்கள் 1971-ல் ஜே.வி.பி. தலைமையில் ஆயுதப் புரட்சிக்கு இறங்கி, ஆயிரக்கணக்கில் செத்தாங்க.

1976 மே மாதம் தமிழர் ஐக்கிய விடுதலைக் கூட்டணி தனி நாடு தீர்மானம் போட்டது. எங்கே? அதே வட்டுக்கோட்டையில்! மலையகத் தலைவர் தொண்டமான் கூட்டணியில் முன்வரிசைத் தலைவராக இருந்தும், தனி நாட்டை ஏற்கல. மலையக மக்களுக்கு வடக்கில் ஒரு நாடு கிடைச்சு என்ன பண்றது?

ரெண்டு கோடும் சந்திச்ச இடம்

ஆனா, மலையக மக்களை விதி விடல. 1977 கலவரத்தில் அடிபட்ட தோட்டத் தொழிலாளர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடினாங்க. 'காந்தியம்' அமைப்பு அவங்களைக் குடியமர்த்திப் பயிர் பண்ண உதவியது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது. சுமார் 97,000 புத்தகங்கள் சாம்பல்.

1983 ஜூலை 23. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் வெச்ச கண்ணியில் 13 ராணுவ வீரர்கள் பலி. அடுத்த சில நாள் கொழும்பில் தமிழர் வீடு, கடை, உயிர் எல்லாம் நெருப்பில். வாக்காளர் பட்டியலைக் கையில் வெச்சுக்கிட்டு வீடு தேடி வந்தாங்க. வெலிக்கடை சிறையில் இரண்டே நாளில் 53 தமிழ்க் கைதிகள் கொலை. அதில் காந்தியம் அமைப்பின் டாக்டர் ராஜசுந்தரமும் ஒருவர்.

அதுவரை கொஞ்சம் பேரா இருந்த இயக்கங்களில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமா சேர்ந்தாங்க. 1977-ல் தப்பிச்சு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்களும் போருக்கு நடுவில் மாட்டிக்கிச்சு. கங்காணி கூட்டிக்கிட்டுப் போனவங்களோட பேரப்பிள்ளைகளும், கட்-ஆஃபில் வாசல் மூடப்பட்டவங்களோட பிள்ளைகளும் 2009-ல் முள்ளிவாய்க்காலில் ஒரே பதுங்குகுழியில் இருந்தாங்க. கடைசிக் கட்டத்தில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது 2011-ல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை.

புலிகள் பக்கத்துக் கணக்கையும் மறைக்க முடியாது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேத்தினாங்க. சிறுவர்களைப் படையில் சேர்த்தாங்க. மாற்று இயக்கத் தமிழர்களையே கொன்னாங்க. அநீதியை எதிர்த்துக் கிளம்பினா, செய்யறது எல்லாம் நீதி ஆகிடாது.

சென்னையும் சும்மா இல்லை

1983 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தமிழ்நாடே பந்த். உங்க பெரியப்பாவோ தாத்தாவோ அப்போ காலேஜில் இருந்திருந்தா கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வாங்க. மத்திய அரசு இயக்கங்களுக்கு ரகசியமா ஆயுதப் பயிற்சி கொடுத்தது பின்னால் வெளியே வந்தது. அடையாறு இந்திரா நகரில் புலிகளின் முகாம் அலுவலகம். கோடம்பாக்கம், சூளைமேடு, வளசரவாக்கம்னு ஊர் முழுக்க இயக்கத்துப் பையன்கள்.

விலையும் கொடுத்தோம். 1984 ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம் விமான நிலையக் குண்டுவெடிப்பில் சுமார் 30 பேர் பலி. 1986 தீபாவளி அன்னிக்கு சூளைமேட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் பலி. 1987 முதல் 1990 வரை இலங்கை போன அமைதிப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் பலி. 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும், 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி... அடுத்தவன் வீட்டுத் தீயில் நாமும் விறகு போட்டோம், நம்ம கூரையும் பத்துச்சு.

அமெரிக்காவும் இலங்கையும்

அமெரிக்காவோட ஒப்பிட்டா ஒரு விஷயம் பளிச்னு தெரியும். அங்கே 1820, 1850, 1854-ன்னு சமரசத்துக்கு மேல் சமரசம். 1857-ல் அவங்க உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. நாலே வருஷத்தில் போர். ஆறு லட்சத்துக்கும் மேல் சாவு. இங்கேயும் 1948-ல் கேட்ட முதல் கேள்வி அதேதான்: யார் குடிமகன்?

வித்தியாசமும் பெருசு. அங்கே பிரிஞ்சு போக நினைச்சது அடிமைகளை வெச்சிருந்த பகுதி. இங்கே பிரிஞ்சு போக நினைச்சது உரிமை இழந்த பகுதி. அதைவிட முக்கியமா இன்னொண்ணு. இலங்கையில் எல்லாரையும்விட அதிகமா அடிபட்டவங்க மலையகத் தமிழர்கள். ஒரு சமூகமா அவங்க துப்பாக்கி எடுக்கல. அவங்க கையில் வேலைநிறுத்தம்னு ஒரு ஆயுதம் இருந்தது. தோட்டம் நின்னா நாட்டுக்கு டாலர் நிக்கும். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டே ஆகணும்! 1978-ல் தொண்டமான் அமைச்சர் ஆனார். 1988 சட்டம், பிறகு 2003 சட்டம்னு குடியுரிமை வந்து சேர்ந்தது. 55 வருஷம் ஆச்சு, ஆனா வந்தது.

வடக்கு மாணவனிடம் அப்படி ஒரு நெம்புகோல் இல்லை. ஓட்டு போட்டு அனுப்பின எம்.பி. பேசினாலும் நடக்கல, போட்ட ஒப்பந்தமும் நிக்கல. கஷ்டத்தின் அளவு மட்டுமே போரைக் கொண்டுவர்றது இல்லை. பேசினா ஏதாவது நடக்கும்ங்கிற நம்பிக்கை போன நாள்தான் ஆபத்தான நாள். இந்த வரலாற்றைப் படிச்சதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்.

ஃபாஸ்ட் ஃபார்வர்டு!

1844 - இலங்கையில் அடிமை முறை ஒழிப்பு
1921 - 'துண்டு' முறை ஒழிப்பு
1948 - குடியுரிமைச் சட்டம்
1956 - சிங்களம் மட்டும் சட்டம்
1958 - கைவிடப்பட்ட ஒப்பந்தம், கலவரம்
1971 - தரப்படுத்தல்
1976 - வட்டுக்கோட்டைத் தீர்மானம்
1983 - கறுப்பு ஜூலை, போர்
2003 - மலையகத் தமிழருக்குக் குடியுரிமை
2009 - போர் முடிவு

உங்க கிளாஸ்லயே இருக்கலாம்

கதை முடிஞ்சுதான்னா, முழுசா இல்லை. மலையகத்தில் 1000 ரூபாய் நாள் கூலி கேட்டு வருஷக்கணக்கில் போராடி, 2021-ல்தான் கிடைச்சது. 2023-ல், போய் 200 வருஷம் ஆனதை நினைவுகூர தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தாங்க, முன்னோர் நடந்த அதே வழி.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் இருக்காங்க. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாத்தினாங்க. அங்கே இருப்பவர்களில் ஒரு பகுதி மலையக வம்சாவளி. அதாவது, நம்ம திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போனவங்களோட வாரிசுகள். 1987 ஜூலைக்கு அப்புறம் இங்கே பிறந்தாலும், அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனா இல்லைன்னா பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

அந்த முகாம்களிலிருந்து நம்ம காலேஜ்களுக்குப் படிக்க வர்றாங்க. நம்மளை மாதிரியே லேப் ரெக்கார்டு எழுதி, அரியர் வெச்சு, கிளியர் பண்றாங்க. பிளேஸ்மென்ட் சமயத்தில் பாஸ்போர்ட் நகல் கேட்கும்போது மட்டும் அமைதியா ஒதுங்குறாங்க. அப்படி ஒருத்தர் உங்க பெஞ்சில் இருந்தா, 'நீ எந்த நாடு?'ன்னு கேட்காதீங்க. 200 வருஷமா ஒவ்வொரு அரசாங்கமும் அவங்க குடும்பத்தைக் கேட்ட கேள்வி அது. அதுக்குப் பதிலா, அவங்க பாட்டி எந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளினாங்க, எந்த வருஷம் எந்தக் கப்பலில் வந்தாங்கன்னு கேளுங்க. சொல்ல விருப்பப்பட்டா சொல்லட்டும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பழைய ஏடுகள் இருக்கு. ஸ்டடி ஹாலிடேஸுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை போய்ப் புரட்டிப் பாருங்க. கூடவே அந்த ஃப்ரெண்டையும் கூட்டிக்கிட்டுப் போங்க!